பன்னிரண்டு துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தேன், பிலோமி

என் கண்ணு பிலோமி,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும் வாங்கி வைத்துவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் வாயாலேயே சொல்லிவிட்டு வருவேன். இந்த வருஷம் வாய் வராது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்துதான், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் கீதா இதைப் படம் பிடித்து, நம் பொன்மலை குவார்ட்டர்ஸ் ஆட்கள் வைத்திருக்கிற வாட்ஸாப் குழுவில் போடுவாள். நான்தான் போடச் சொன்னேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் இப்போது என் மகள் கீதாவோடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன், மூன்றாவது மாடி. அக்கம்பக்கத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் சுவரைத் தட்டினால் திரும்பத் தட்ட ஆள் இல்லை.

கீதா கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். கே.கே. நகர் தாண்டி ஒரு பழைய செங்கல் சூளை இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, பெயிண்ட் பால் என்று ஒரு விளையாட்டு நடத்துகிறாள். உனக்கு எப்படிச் சொல்வது? நன்றாக வளர்ந்த ஆட்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், காசு கொடுத்து வந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய உருண்டையைச் சுடுகிறார்கள். பட்டால் உருண்டை உடைந்து சட்டையெல்லாம் சாயம். பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வந்து சிரிக்கிறார்கள். ரெண்டு வருஷமாகப் பார்க்கிறேன், அடிபட்டதற்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று இன்னும் விளங்கவில்லை.

முகமூடி கொடுத்து வாங்குகிற வேலை என்னுடையது. சனி ஞாயிறு போவேன். யார் எந்த முகமூடியை வாங்கிப் போனார், எந்த முகமூடியின் வார் யார் கையில் அறுந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். போன வருஷம் வார் அறுத்த ஒருத்தன் இந்த வருஷம் மீசை வைத்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே பிடித்தேன்.

துப்பாக்கி என்று நான் சொன்னால் கீதாவுக்குக் கோபம் வரும். "மார்க்கர்னு சொல்லும்மா, யாராவது கேட்டா போலீஸ் வந்து நிக்கப் போவுது" என்பாள். சுடுகிற சாமான் துப்பாக்கி இல்லாமல் கரண்டியா?

அதில் மருந்து கிடையாது, காற்றுதான். அடியில் ஒரு காற்றுப் பாட்டில் மாட்டியிருக்கும். அதற்குள் இருப்பது முரட்டுக் காற்று, அப்படியே விட்டால் ஆளைப் புண்ணாக்கிவிடும். அதனால் நடுவில் கட்டைவிரல் தடிமனில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், ரெகுலேட்டர் என்று பெயர். முரட்டுக் காற்றை அடக்கி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக உள்ளே விடுவது அதன் வேலை. அளவு மாறாமல் விட்டால் உருண்டைகள் ஒரே வேகத்தில் போகும். வேகத்தைக் காட்ட ஒரு பெட்டி இருக்கிறது, அதன் வாய்க்கு நேரே சுட்டால் நொடிக்கு இத்தனை அடி என்று எண் வரும். எங்கள் இடத்தில் இருநூற்று அறுபது என்று வைத்திருக்கிறோம். இருநூற்று எண்பது தாண்டினால் அந்தத் துப்பாக்கி அன்றைக்கு வெளியே போகாது.

ஆரம்பத்தில் பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாகச் சுட்டன. விற்றவர்கள் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்போது கீதா யாரைக் கூப்பிட்டாள் தெரியுமா? உன் வீட்டுக்காரரை.

சண்டை போட்டேன், பிலோமி. ரெண்டு வேளை சாப்பிடவில்லை. கீதா மசியவில்லை. "இருபத்தெட்டு வருஷம் ரயில் பிரேக்குக்குக் காத்து வால்வு டெஸ்ட் பண்ணவரும்மா சவரி மாமா. இந்த வேலைக்கு இந்த ஊர்ல நான் வேற யாரைத் தேடுவேன்?" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு நியாயம் தேவைப்படவில்லை.

அவர் மேல் எனக்கு என்ன கோபம் என்று நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சாயந்திரம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "வாய்வுதான், படு, காலையில பாப்போம்" என்று அவர் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. விடிவதற்குள் நீ இல்லை. அந்த நாலு வார்த்தையை ஆறு வருஷம் சுமந்தேன். போகிற இடமெல்லாம் இறக்கிக் காட்டினேன். நீ போய் முப்பது நாள்கூட ஆகாமல் உன் தையல் மெஷினை விற்றாரே, அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் வந்தார். அதே டி.வி.எஸ். வண்டி. "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார். நான் முகமூடி துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு காலத்தில் தம்பி தம்பி என்று கூப்பிட்ட வாய்தான். டீ போட்டால் கீதாவிடம் கொடுத்து அனுப்புவேன். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், "அங்க குடு" என்பேன்.

ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்க்காத மாதிரி பார்த்தேன். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து இறுக்குவார். பத்து உருண்டை சுட்டு, பத்து எண்ணையும் நோட்டில் எழுதுவார். பிறகு ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். திரும்ப ஒன்றே ஒன்று சுடுவார். அந்த ஒன்றுதான் முக்கியமாம். ஓய்ந்து கிடந்துவிட்டுச் சுடுகிற முதல் உருண்டை மட்டும் துள்ளினால், உள்ளே காற்றை அடைக்கிற இடம் தேய்ந்து கசிகிறது என்று அர்த்தமாம். வேகவேகமாகச் சுடும்போது எண் இறங்கிக்கொண்டே போனால், அழுக்கோ கிரீஸோ அடைத்துக் காற்று வந்து சேரத் தாமதமாகிறது என்று அர்த்தமாம். வளைந்த சாவியால் ரெகுலேட்டரின் திருகைக் கால் சுற்றுக்குமேல் திருப்பமாட்டார். திருப்பியதும் வருகிற எண்ணை நம்பவும் மாட்டார். ரெண்டு உருண்டையை வீணாகச் சுட்டுவிட்டு மூன்றாவதிலிருந்துதான் எழுதுவார்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், உனக்காவது விளங்குகிறதா பார். திருகைக் காற்று ஏறுகிற பக்கம் திருப்பினார், எண் ஏறியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார், ஏறியது. இன்னும் திருப்பினார், இறங்கிவிட்டது. காற்று அதிகம், வேகம் குறைவு! எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் பேசக்கூடாது என்பதால் கீதாவிடம் கேட்டேன். கீதா அவரிடம் கேட்டாள். அவர் கீதாவிடம் சொன்னார்: "காத்து ரொம்ப ஜாஸ்தியானா, உள்ள இருக்கற கதவை அதுவே அமுக்கிப் புடிச்சுக்கும்மா. சுத்தியல் வந்து தட்டுனாலும் கதவு முழுசாத் தொறக்காது. அப்புறம் காத்து எப்படி வெளிய போவும்?"

மூன்று பேரும் ஒரே கொட்டகையில், ஒரு மேசைக்கு மூன்று பக்கம் நிற்கிறோம். கீதா என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. புரிந்ததா என்று மட்டும் கேட்காதே.

அப்படியே ரெண்டு வருஷம் ஓடியது. பன்னிரண்டும் ஒரே மாதிரி சுட்டன. வெளியூரிலிருந்து வந்து விளையாடுகிறவர்கள்கூட, இங்கே எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் ஒன்றுபோல இருக்கிறது என்று கீதாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் காதில் வாங்காத மாதிரி இருப்பேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அவர் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது, ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. போவதற்கு முன் கீதாவிடம் சொல்லிவிட்டுப் போனார்: "அக்காகிட்டச் சொல்லும்மா, மேசைக்கும் கம்ப்ரசருக்கும் பொட்டு வைக்கட்டும். மார்க்கர் மேல மட்டும் ஒண்ணும் வைக்க வேணாம்."

அவர் வேண்டாம் என்றதால்தான் வைத்தேன். இதை மறைத்துப் பயனில்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வருஷா வருஷம் பூஜைக்கு முதல் ஆளாக நின்று பொரிகடலை வாங்கித் தின்றவர், எனக்குப் பூஜை செய்யச் சொல்லிக் கொடுக்கிறாரா என்று இருந்தது. பன்னிரண்டையும் துடைத்து வாழையிலையில் வரிசையாக வைத்தேன். கடையில் வாங்கிய சந்தனத்தூள், பன்னீர் விட்டுக் குழைத்தேன். எங்கே வைக்கலாம் என்று பார்த்தால் ரெகுலேட்டர் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருந்தது. பொட்டு வைக்கவே குறி போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது, பிலோமி. அந்தத் துளை மேல் சந்தனத்தை வைத்து நன்றாக அழுத்தினேன், அதன் மேல் குங்குமம். பன்னிரண்டும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்தன. கீதாவே படம் எடுத்தாள்.

மறுநாள் அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மேலே இருந்தது போயிற்று.

அந்த வாரமே ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்குப் பெட்டிக்கு நேரே சுட்டால் இருநூற்று அறுபது, சரியாக இருக்கும். பத்து மணிக்கு இருநூற்று எழுபத்தைந்து. பதினொரு மணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு. ஒன்று முந்நூறைத் தொட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் திரும்ப இருநூற்று அறுபது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. இதெல்லாம் பிறகு பார்த்துத் தெரிந்தது, முதலில் கீதா காலையில் மட்டும் பார்த்துவிட்டு ஆட்டத்துக்கு விட்டுவிட்டாள். ஒரு காலேஜ் பெண்ணுக்குத் தோளில் பட்டுக் கன்றிப்போய்ப் புடைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் அம்மா மறுநாள் வந்தாள். கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. "நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சுதான் விட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கீதா கேட்டைப் பூட்டினாள். காரணம் தெரிகிறவரை ஆட்டம் கிடையாது என்றாள்.

உன் வீட்டுக்காரர் மூன்று நாள் உட்கார்ந்தார். ரப்பர் வளையங்களை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். ஒவ்வொரு உறுப்பையும் பல்பு வெளிச்சத்தில் மூக்குக்குக் கிட்டே வைத்துத் துடைத்துத் திரும்பப் பூட்டினார். காலையில் சரியாக இருக்கும், பத்து மணிக்கு ஏறும். மூன்றாம் நாள் நோட்டில் எழுதுவதையே நிறுத்திவிட்டு, எண்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் பேசினேன். ஆறு வருஷம் கழித்து, அவர் காதில் விழும்படி, கீதாவைப் பார்த்து.

"வாய்வுன்னு சொல்லி ஒருத்திய அனுப்பி வச்ச ஆளு. இன்னும் ஊரார் புள்ளைங்க எத்தனைய இந்தக் கையில குடுக்கப் போற?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிரித்துக் கிடந்ததை முழுவதும் பூட்டி முடித்தார். சாவிகளைத் துணியில் சுருட்டினார். கையைக் கழுவினார். கீதாவிடம், "வேற யாரையாவது பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டினார். ஸ்டார்ட் பண்ணக்கூட நிற்கவில்லை.

எனக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனேன். தக்காளிக்காரியிடம் சொன்னேன். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற அம்மாவிடம் சொன்னேன். நம் பழைய வரிசையில் மூன்று வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அந்த ஆளுக்கு இப்போது கண்ணும் போச்சு, கையும் போச்சு, பெண்டாட்டியைப் பறிகொடுத்த மாதிரி ஊரான் பெண்ணையும் பறிகொடுக்கப் பார்த்தார் என்று சொன்னேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை, பூட்டிக் கிடந்த கொட்டகையைப் பெருக்கப் போனேன். மேசையில் ஒரு துப்பாக்கி கழற்றாத காற்றுப் பாட்டிலோடு சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைக்கும்போது அந்தத் துளைக்குள் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. கடைச் சந்தனம் காய்ந்தால் சிமெண்டு மாதிரி ஆகிவிடும், உனக்குத் தெரியுமே. மாராப்பில் இருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஒரு துணுக்குச் சந்தனம் என் மணிக்கட்டில் தெறித்தது.

ஊக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு எதுவும் மறக்காது என்று நீதான் எல்லாரிடமும் சொல்வாய். மறக்கவில்லைதான். எந்த விரலால் வைத்தேன், எவ்வளவு அழுத்தினேன், எல்லாம் ஞாபகம் இருந்தது. மூன்று நாள் அவர் உட்கார்ந்து தவித்தபோதும் அந்த ஞாபகம் எனக்குள்ளேதான் இருந்தது. அது ஏன் எழுந்து நின்று சொல்லவில்லை? நான் கேட்கவில்லை, அதனாலா?

மீதிப் பதினொன்றையும் ஊக்கால் குத்தினேன். பாட்டில் கழற்றாத சிலது மூச்சு விட்டது, மற்றது விடவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் கீதாவிடம், ஒரு தரம் சுட்டுப் பாரேன் என்றேன். காலையில் இருநூற்று அறுபது. பத்து மணிக்கு இருநூற்று அறுபது. மத்தியானம் இருநூற்று அறுபத்திரண்டு. அவள் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"எப்படிம்மா?"

"சாமிதான்" என்றேன்.

அவளுக்குச் சாமி மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. மாமா மாற்றிய ரப்பர் இப்போதுதான் படிந்திருக்கும் போல என்று அவளாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அவருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. கேட்டைத் திறந்தாள். ஆட்டம் நடந்தது. நான் முகமூடி கொடுத்தேன். எந்த முகமூடியை யாருக்குக் கொடுத்தேன் என்று முதல் தடவையாக எனக்குக் குழம்பியது.

அந்த ஞாயிறு சந்தையில் தக்காளிக்காரி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "நீங்க சொன்னது சரிதான்க்கா. அந்தாளால இனிமே ஒண்ணும் முடியாதாம். சாமான் பெட்டியப் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன்கிட்டக் குடுத்துட்டாராம், இனிமே எனக்கு எதுக்குன்னு."

தக்காளியை அவள் தராசிலேயே விட்டுவிட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபிறகு அவர் இருக்கிற கல்கண்டார்கோட்டை வீட்டுக்கு நடந்தேன். உன் வீட்டுக்காரர் வாசலை நான் மிதித்து ஆறு வருஷம் ஆகிறது. கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார், புடலங்காய். கண்ணுக்குக் கிட்டே வைத்து வைத்து நறுக்கினார்.

"வாங்கக்கா" என்றார், நான் நேற்றும் வந்தவள் மாதிரி.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "ரெகுலேட்டர்ல ஓட்டை ஒண்ணு இருக்குல்ல, அதுல நான்தான் சந்தனத்தை வச்சு அமுக்குனேன். பன்னெண்டுலயும்."

கத்தி நின்றது.

"பக்கவாட்டு ஓட்டைலயா?"

"ஆமா."

"பன்னெண்டுலயுமா?"

"ஆமாங்கறேன்ல."

அவர் புடலங்காயைத் தட்டில் வைத்தார். பிறகு, "அது மூச்சு விடற ஓட்டைக்கா" என்றார். உள்ளே எவ்வளவு இறுக்கினாலும் பொட்டுக் காற்று கசிந்துகொண்டுதான் இருக்குமாம், அது வெளியே போகத்தான் அந்தத் துளையாம். அடைத்துவிட்டால் கசிந்தது ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் சேர்ந்து, ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதுவும் தள்ளுமாம். அதனால் நேரம் ஆக ஆக வேகம் ஏறும், ராத்திரி பாட்டிலைக் கழற்றிவிட்டுச் சும்மா கிடந்தால் மெல்ல இறங்கிவிடும். வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டே போனவர், நடுவில் நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்தார். புரைக் கண் எப்போதும் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும், அதனால் அது என்ன தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் என் கையே போயிருச்சுன்னு நெனச்சேன்க்கா" என்றார்.

திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் டீ போட்டார். உன் அடுப்பில், சர்க்கரை அதிகமாக. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான், பிலோமி, இன்னொன்று எழுந்து வந்தது.

அன்றைக்கு நீ முதலில் வந்தது என் கொல்லைக் கதவுக்கு. அஞ்சு மணி இருக்கும். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நீ பச்சைப் புடவை கட்டியிருந்தாய், முன்கொசுவம் நனைந்திருந்தது. "தனக்கா, நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்றாய். நான் கீரையை விட்டு எழுந்திருக்கவில்லை. இஞ்சி தட்டிச் சாறு எடுத்துக் குடி என்றேன். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன்.

"வாய்வா இருக்கும்டி."

இது எனக்குத் தெரியாததா? தெரியும். கீரை, புடவை, ஈரக் கொசுவம் எல்லாம் தெரியும். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கதவுப் பக்கம் போய் நிற்காமல், சுவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ வீட்டுக்குப் போய் அவரிடம் என்ன சொன்னாய்? நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாயா, இல்லை, அக்கா வாய்வு என்று சொன்னாள் என்று சொன்னாயா? நான் சொன்னால் நீ அப்படியே நம்புவாய். நீ நம்பினால் அவரும் நம்புவார். அப்படியானால் சுவர் வழியாக நான் கேட்டது யாருடைய வார்த்தை?

டம்ளரைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு வாய்வுன்னு மொதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நேராக, நல்ல கண்ணால்.

"ஞாபகம் இல்லக்கா" என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் எந்த வண்டிக்கு எந்த நாளில் எந்த வால்வு மாற்றினார் என்று கேட்டால் நிறுத்தாமல் சொல்கிற மனுஷன். ஞாபகம் இல்லையாம். நான் இன்னொரு தரம் கேட்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லையா, அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேனா, தெரியவில்லை. திரும்ப வரும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்தில் இறங்காமல் உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து, "பாட்டி, பஸ் இங்கேயே நிக்கும், நீங்களும் நிக்கப் போறீங்களா?" என்று கேட்டபிறகுதான் இறங்கினேன்.

எனக்கு எல்லாம் குழம்பிக் கிடக்கிறது, பிலோமி. துப்பாக்கி விஷயம் என் தப்பு, அது தெளிவு. உன் விஷயம் யார் தப்பு? இஞ்சி தட்டச் சொன்னது தப்பா? படு என்று சொன்னது தப்பா? யாராவது ஒருத்தர் ஆட்டோ கூப்பிட்டிருந்தால் நீ இருந்திருப்பாயா? டாக்டருக்குக்கூடத் தெரியாது என்று கீதா சொல்கிறாள். ஆறு வருஷமாக எனக்குத் தெரியும் என்று இருந்தேன், இப்போது தெரியாது என்று இருக்கிறது. கோபம் இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. தையல் மெஷினை விற்றதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு.

அவர் திரும்ப வருகிறேன் என்று சொல்லவில்லை. கண் ஆபரேஷன் ஆகட்டும், பார்க்கலாம் என்றார். கீதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்ச் சாமான் பெட்டியை அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கிவந்து கொட்டகையில் வைத்துவிட்டாள். அவர் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும், வராவிட்டால் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். என்னோடு இன்னும் அளவாகத்தான் பேசுகிறாள்.

நேற்று மறுபடி சந்தைக்குப் போனேன். தக்காளிக்காரியிடம், நான் சொன்னது தப்பு, துப்பாக்கியைக் கெடுத்தது நான் என்று சொன்னேன். அவள் கையை உதறினாள். "என்னக்கா இப்ப வந்து சொல்றீங்க? நான் நாலு பேர்ட்டச் சொல்லிட்டேனே" என்றாள். அந்த நாலு பேர் யார் யார் என்று கேட்டேன். அவளுக்கு ரெண்டு பேர்தான் ஞாபகம் வந்தது. இப்படிப் போனால் நான் எத்தனை வாசல் ஏறுவது? அதனால்தான் இதைக் குழுவில் போடச் சொன்னேன். எல்லாரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் படித்துக் காட்டுங்கள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், பிலோமி. நான் என் வாயால் சொன்ன ஒன்பது பேர் எனக்குத் தெரியும். தக்காளிக்காரி போக எட்டுப் பேர். ஒவ்வொரு வாசலுக்கும் நானே போவேன். துப்பாக்கியைச் சொல்வேன், இஞ்சியையும் சொல்வேன். நாளைக்கு அவரும் உன்னிடம் வருவார். எப்போதும் அவர் வந்துபோகட்டும் என்று வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்பேன், நாளைக்கு ஒதுங்கமாட்டேன். அவரிடம் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவும் மாட்டேன். வாய்வு என்று முதலில் சொன்னது நான்தான், எல்லாருக்கும் எழுதிவிட்டேன். இனிமேல் அவர் எனக்காக எதையும் மறக்க வேண்டியதில்லை.

உன் கூடப் பிறக்காத அக்கா,
தனபாக்கியம்